ஓடும் விஎம்மின் டிஸ்க்கில் வெளியிலிருந்து கை வைக்காதீர்கள்

"நான் எதையும் எழுதவே இல்லையே, ரீட்-ஒன்லியாத்தானே மவுண்ட் செஞ்சேன்!" என்று போனில் புலம்பினார் நண்பர். ரூட் பாஸ்வேர்ட் மறந்துபோய், ஓடிக்கொண்டிருந்த மெயில் சர்வர் விஎம்மின் (மெய்நிகர் கணினியின்) டிஸ்க்கான எல்விஎம் வால்யூமை, அதைத் தாங்கும் கணினியான ஹோஸ்ட்டிலேயே மவுண்ட் செய்து ஒரு கான்ஃபிக் ஃபைலைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் கெஸ்ட்டின், அதாவது அந்த விஎம்மின், ஃபைல் சிஸ்டம் பிழை கண்டு தானே ரீட்-ஒன்லிக்குப் போய்விட்டது. ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டியபின், நிறைய மெயில்கள் பெயரிழந்து வெறும் எண்களாக லாஸ்ட்-ஃபவுண்ட் என்ற மீட்பு ஃபோல்டரில் கிடந்தன.

அவர் பொய் சொல்லவில்லை. எழுதியது ஹோஸ்ட்டின் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும், ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேட்டில்) பாக்கி இருந்தால் அதை டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டுத்தான் கர்னல் கதவைத் திறக்கும். ஓடும் விஎம்மில் பாக்கி இல்லாத நேரம் அபூர்வம். இதைத் தடுக்க 'நோலோட்' என்று தனியாகச் சொல்லவேண்டும், எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்துக்கு 'நோரெகவரி'. எத்தனை பேர் சொல்கிறோம்?

டிஸ்க்குக்கு ஒரே முதலாளிதான் என்று நம்பி எழுதப்பட்டவை இந்த ஃபைல் சிஸ்டங்கள். கெஸ்ட் தன் கணக்கில் ஒரு பகுதியை மெமரியில் வைத்திருக்கும். வெளியே நடந்த திருத்தம் அதற்குத் தெரியவே தெரியாது.

"அதான் விஎம்மை ஓட்டுற க்யூஎமு லாக் போடுதே" என்பார்கள். 2017-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து டிஸ்க் இமேஜுக்கு லாக் உண்டு, உண்மைதான். ஆனால் ஹோஸ்ட்டின் சாதாரண மவுண்ட் கட்டளை அந்த லாக்கைச் சட்டைசெய்வதில்லை. எட்டிப் பார்த்தே தீரவேண்டுமென்றால் விஎம் டிஸ்க்கைப் பார்க்க உதவும் கெஸ்ட்ஃபிஷ் கருவியை ரீட்-ஒன்லியில் திறங்கள். அது மேலே ஒரு தற்காலிக அடுக்கை விரித்துக்கொள்வதால் அசல் டிஸ்க் தப்பிக்கும். அப்போதும் நீங்கள் காண்பது பாதி எழுதிய பக்கமாக இருக்கலாம்.

சரியான வழி, கெஸ்ட்டிடமே கேட்பது. க்யூஎமு கெஸ்ட் ஏஜென்ட் என்ற உதவி நிரலை விஎம்முக்குள் நிறுவி, விஎம்முக்கு அதற்கான சேனலையும் கொடுத்துவிட்டால், எந்தெந்த ஃபைல் சிஸ்டம் எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்பதை விஎம்களை நிர்வகிக்கும் விர்ஷ் கட்டளை வழியாகவே பார்க்கலாம். டிரிம் செய்யலாம் (காலி இடத்தை விடுவிக்கலாம்), பேக்கப்புக்கு முன் ஃப்ரீஸ் செய்யலாம் (எழுதுவதை நிறுத்திவைக்கலாம்). ஃப்ரீஸ் என்பது ஃபைல் சிஸ்டத்துக்கு மட்டும்தான். டேட்டாபேஸுக்குத் தனியாக ஹூக் ஸ்கிரிப்ட் (ஃப்ரீஸ் நேரத்தில் தானே ஓடும் சிறு நிரல்) எழுதவேண்டும். முடிந்ததும் ஃப்ரீஸை விடுவிக்கும் 'தா' (thaw) கட்டளையைக் கொடுக்க மறந்தால் எழுத முயலும் ஒவ்வொரு ப்ராசஸும் அப்படியே தொங்கும். நானும் ஒருமுறை தொங்கவிட்டிருக்கிறேன்.

நண்பருக்கு அந்த மவுண்ட்டே தேவைப்பட்டிருக்காது. ஏஜென்ட் உள்ளே இருந்திருந்தால், மறந்துபோன பாஸ்வேர்டை ஹோஸ்ட்டிலிருந்தே விர்ஷ்ஷில் ஒரே வரியில் மாற்றியிருக்கலாம்.