அது பாம்பு இல்லை, புழுப்பல்லி

தெற்கு ஆப்பிரிக்காவில் மழை தொடங்கி நிலத்தைக் கொத்த ஆரம்பித்தால் என் கைபேசிக்குப் படங்கள் வரும். மண்வெட்டியில் சிக்கித் துண்டான, ஒரு சாண் நீள இளஞ்சிவப்பு உடம்பு. “விஷப் பாம்பா சார்? ரெண்டு தலையாமே?” என்று கேட்பார்கள். அது பாம்பும் இல்லை, விஷமும் இல்லை; மண்ணுக்குள் வாழும், காலில்லாத புழுப்பல்லி. தலை ஒன்றுதான், வால் மொண்ணை என்பதால் வரும் குழப்பம். நம் ஊரில் மண்ணுளிப் பாம்பை ‘இருதலை’ என்று பேரம் பேசுவதும் இதே குழப்பத்தில்தான்.

சந்தேகம் வந்தால் படத்தைப் பெரிதாக்கித் தோலைப் பாருங்கள். புழுப்பல்லிக்குச் சதுரச் செதில்கள் வளையம் வளையமாக உடம்பைச் சுற்றியிருக்கும். நம் பூந்தொட்டிகளில் கிடக்கும் புழுப்பாம்பு, செடிகளோடு பயணம் செய்து ஆப்பிரிக்காவிலும் குடியேறிவிட்டது. அதற்கு வளையம் கிடையாது. வழவழப்பான செதில்கள் ஓடு வேய்ந்தது மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்.

புழுப்பல்லியின் தோல் உடம்போடு இறுக ஒட்டியிருக்காது. தோல் முன்னே நகர்ந்து மண்ணைப் பற்றும், உள்ளிருக்கும் உடம்பு அப்புறம் வந்து சேரும். இப்படி நெளியாமலே முன்னும் போகும், பின்னும் போகும். உள்ளே திறந்து பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவு. பாம்புக்குச் சிறுத்தோ இல்லாமலோ போவது இடது நுரையீரல். புழுப்பல்லிக்குச் சிறுத்திருப்பது வலது. மேல்தாடையின் முன்நடுவில் ஒற்றைப் பல் இருக்கும். வெளிக்காது இல்லை, காது எலும்பின் நீட்சி முன்னோக்கி ஓடி முகத்தோலைத் தொடுவதால், மண்ணின் அதிர்வு முகம் வழியாகவே காதுக்குப் போகிறது.

வகைப்பாட்டுக்கு வருவோம். ஆப்பிரிக்காவில் மூன்று குடும்பங்கள். சகாராவுக்குத் தெற்கே பெரும்பாலும் இருப்பவை ஆம்பிஸ்பேனிடே. மொராக்கோவில் பிளானிடே. வட ஆப்பிரிக்காவிலும் சோமாலியா பக்கமும் ட்ரோகோனோஃபிடே. இந்தக் கடைசிக் குடும்பம்தான் எனக்குப் பிடித்தது: பற்கள் தாடை விளிம்போடு இறுகியிருக்கும், வால் முறியாது, தலையை இடமும் வலமும் திருகித் துளைக்கும். மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட மொராக்கோ இனம் குட்டி போடும். இதே குடும்பத்தின் பிரம்மாண்டமான தொல்லுயிர் ஒன்று துனிசியாவில் கிடைத்திருக்கிறது. மண்டையோடே 5 செ.மீ.க்கு மேல் என்று 2024-இல் வந்த ஆய்வு கணிக்கிறது.

தலையின் வடிவத்தை மட்டும் நம்பி இனம் பிரிக்காதீர்கள். ஆப்பிரிக்கப் புழுப்பல்லிப் பேரினங்களில் மோனோபெல்டிஸுக்கு மண்வாரி போன்ற தட்டை மூக்கு, அன்சிலோக்ரேனியத்துக்குப் பக்கவாட்டில் அமுங்கிய கத்தி மூக்கு, சிரிண்டியாவுக்கு உருண்டைத் தலை. தோண்டும் விதத்துக்கு ஏற்ப ஒரே வடிவம் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டின. வடிவத்தை வைத்துப் போட்ட பழைய வகைப்பாடு பல இடங்களில் குலைந்துபோனது. புழுப்பல்லிகள் மொத்தத்துக்கும் நெருங்கிய உறவு பாம்புகள் அல்ல, லாசெர்டிடே என்னும் கால் உள்ள பல்லிக் குடும்பம்.

ஆகவே படம் அனுப்புகிறவர்கள் தலையை மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுங்கள். நெஞ்சுப் பக்கம் கட்டாயம் வேண்டும்; மோனோபெல்டிஸுக்கு அங்கே பெரிய தகடுகள் இருக்கும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். உயிரோடு இருந்தால் வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பல இனங்களில் வால் முறிந்துவிடும், மறுபடி வளராது. இரண்டு கையாலும் மண்ணோடு அள்ளி, ஈரமான இடத்தில் விட்டால் போதும், தானே உள்ளே போய்விடும்.