ரிவா கிராமத்தின் மூன்று சூரியன்கள்

சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரியின் வடகரையில் இருக்கிறது ரிவா. கிராமத்தின் மொத்தப் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வாழ்பவர்கள் சில நூறு பேர். வீட்டுச் சுவர் முடியும் இடத்திலேயே திராட்சைக் கொடி தொடங்கிவிடுகிறது. லோசான் நகரின் கிழக்கு எல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் நீளும் லவோ திராட்சைச் சரிவில் இதுவும் ஒரு கண்ணி. யுனெஸ்கோ 2007இல் இந்தச் சரிவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தங்கள் திராட்சையை மூன்று சூரியன்கள் பழுக்க வைப்பதாக இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்: வானத்துச் சூரியன், ஏரியில் தெரியும் சூரியன், கற்சுவரில் தங்கும் சூரியன். கேட்க அழகாக இருப்பதோடு, இதில் இயற்பியலும் சரியாகவே இருக்கிறது.

முதல் சூரியனுக்குத் துணை நிற்பது நிலத்தின் சாய்வு. அக்டோபர் தொடக்கத்தில் இங்கே நண்பகல் சூரியன் ஏறத்தாழ 40 பாகை உயரமே ஏறும். சமதரையில் அந்த வெயில் சாய்ந்து விழுந்து பரவிவிடும். தெற்கு நோக்கி 30 பாகை சாய்ந்த நிலத்திலோ கிட்டத்தட்ட நேராக விழும். அதனால் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் நேரடி வெயில் சமதரையைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது ஏரிச் சூரியன்தான். கோடை நண்பகலில் அதனால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. உச்சியில் நிற்கும் சூரியனின் ஒளியில் சுமார் 2 சதவீதத்தையே தண்ணீர் எதிரொளிக்கிறது. மீதி உள்ளே போய்விடும். எதிரொளித்த சிறு பங்கும் செங்குத்தாக எழுந்து, பெரும்பாலும் கொடிகளைத் தொடாமலே வானத்துக்குத் திரும்பிவிடுகிறது. சூரியன் சரிவின் சாய்வைவிடக் கீழே இறங்கினால்தான் எதிரொளித்த கதிர் மலையில் மோதும். சூரியன் தொடுவானத்திலிருந்து 10 பாகை உயரத்துக்கு வந்துவிட்டால், அசையாத நீர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நேரடி ஒளி மங்கும் நேரத்தில், இலைகளுக்கு அடியிலிருந்து குலைகளை நோக்கி இன்னொரு ஒளி ஏறி வருகிறது. பழம் சர்க்கரை கட்டும் இலையுதிர் காலத்தில் சூரியன் நாள் முழுவதும் தாழ்வாகவே நகர்வதால், ஏரியின் உதவி அப்போதுதான் மிகுகிறது.

ஏரி வெப்பத்தையும் சேமிக்கிறது. ஒரு கன மீட்டர் நீர் ஒரு பாகை குளிர்ந்தால், மூவாயிரம் கன மீட்டருக்கும் அதிகமான காற்றை ஒரு பாகை சூடேற்றலாம். 300 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள ஏரி அருகில் இருக்கும்போது, உறைபனி அவ்வளவு எளிதில் கரையேறாது.

மூன்றாவது சூரியனை நாம் நன்றாகவே அறிவோம்: இரவிலும் சுடும் மொட்டை மாடித் தரையைப் போன்றது அது. பகலில் வெயிலை வாங்கிக்கொள்ளும் கற்சுவர், இரவில் அதை அகச்சிவப்புக் கதிராகக் கொடிகளுக்குத் தருகிறது. இங்குள்ள சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் 400 கிலோமீட்டர் நீளும். மத்திய காலத்தில் துறவி மடங்கள் தொடங்கி வைத்த வேலை இது.

ஆனால் சுவர் சும்மா நிற்பதில்லை. மழைநீர் வெளியேற வழியில்லை என்றால், பின்னால் இருக்கும் ஈரமண் அழுத்திச் சுவர் வயிறு தள்ளும், ஒருநாள் சரியும். அதனால்தான் அடியில் நீர்த்துளை விடுகிறார்கள். கீழே அடித்துச் செல்லப்பட்ட மண்ணை முன்பு முதுகுக் கூடையில் சுமந்து மேலே கொண்டு சேர்த்தார்கள். இன்று ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சிறு வண்டிகள் திராட்சைப் பெட்டிகளை ஏற்றி இறக்குகின்றன. கிளை வெட்டுவதும் குலை பறிப்பதும் இன்னும் பெரும்பாலும் கைவேலைதான்.

இந்த உழைப்பை மதிப்பிடவே அருகிலுள்ள வெவே நகரில் திராட்சை விவசாயிகளின் சங்கம் ஒன்று நூற்றாண்டுகளாக இயங்குகிறது. அதன் நிபுணர்கள் ஆண்டுதோறும் தோட்டம் தோட்டமாகச் சென்று மதிப்பெண் இடுகிறார்கள். தலைமுறைக்கு ஒருமுறை பெருவிழா எடுத்து, சிறந்தவர்களுக்கு முடிசூட்டுகிறார்கள். கடைசியாக நடந்தது 2019இல். அந்த முடி ஒயினின் சுவைக்கானதல்ல; பெரும்பாலும் பிறர் நிலத்தில் கொடி வளர்த்துக் கொடுக்கும் தொழிலாளிகளின் கைவேலைக்கானது.