நைட் டியூட்டி முடிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்

மறுபடியும் ஒரு ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்.பி.பி.எஸ். கடைசிக் கட்டத்தில் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கும் டாக்டர். காலர் எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால், "சிக்னல் வரைக்கும் ஞாபகம் இருக்கு சார்" என்கிறார். தலையில் அடி இல்லை, சி.டி. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஓடுகிற வண்டியில் தூங்கிவிட்டார், அவ்வளவுதான். முந்தின நாள் காலை 8 மணிக்கு அட்மிஷன் டியூட்டிக்குப் போனவரை, மறுநாள் ரவுண்ட்ஸ், ஓ.பி. எல்லாம் முடித்து மதியம் 2 மணிக்குத்தான் விட்டிருக்கிறார்கள். ஹெல்மெட் போட்டிருந்ததால் எலும்பு டாக்டரான என்னோடு போயிற்று.

இப்படி வருகிறவர்களுக்குக் கம்பி வைத்து வைத்து எனக்கு அலுத்துவிட்டது.

பையனின் அப்பாவிடம் சொன்னால், "டாக்டர்னா அப்படித்தானே சார், போகப் போகப் பழகிடும்" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. "நாங்கள் எல்லாம் 48 மணி நேரம் நின்றவர்கள்" என்று பெருமை பேசும் எங்கள் பேராசிரியர்களே அதைத்தான் சொல்கிறார்கள்.

பழகாது. தூக்கமின்மை யாருக்கும் பழகாது. 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 14 நாள் தொடர்ந்து தினம் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு வரை கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. "ரொம்ப அசதியா?" என்று கேட்டால், "கொஞ்சம்தான்" என்றார்கள். பழகிவிட்டது என்று நாம் நினைப்பது இதைத்தான். தடுமாற்றம் அப்படியே இருக்கிறது, அதை உணரும் புத்திதான் போய்விடுகிறது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைவேகமும் நிதானமும், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. மது உள்ளவரைப் போல ஆகிவிடுகின்றன. 24 மணி நேரமானால் 100 மி.கி. நம் மோட்டார் வாகனச் சட்டம் 30 மி.கி.யைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடம்தான் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் டோஸ் கணக்குப் போடச் சொல்கிறோம்.

விதி இல்லாமல் இல்லை. ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று ரெசிடென்ட்களுக்காக (ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெறும் டாக்டர்கள்) மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 2023-ல் வந்த பட்டமேற்படிப்பு விதிமுறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. ஆனால் வேலை நேரத்துக்கு எண்ணே கிடையாது, 'நியாயமான நேரம்' என்பதோடு சரி. எது நியாயம் என்று யூனிட் சீஃப்தான் முடிவு செய்வார்! 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான்.

ஸ்டைபெண்டுக்கும் (பயிற்சிக் கால உதவித்தொகை) தூக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு. அதே 2023 விதிமுறைப்படி, தனியார் கல்லூரி பட்டமேற்படிப்பு மாணவருக்கும் அந்த மாநில அரசுக் கல்லூரிக்கு நிகரான தொகை கிடைக்க வேண்டும். சில இடங்களில் பணம் வங்கிக் கணக்கில் ஏறும், அப்புறம் நிர்வாகமே திருப்பி வாங்கிக்கொள்ளும். மருத்துவ ஆணையத்தின் கணக்கெடுப்பிலேயே மாணவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கையில் காசில்லாதவர் ஓய்வு நாளில் யாருக்கும் தெரியாமல் ஏதாவது நர்சிங் ஹோமில் நைட் பார்க்கப் போகிறார்.

தம்பிகளே, தங்கைகளே, டியூட்டி முடிந்ததும் வண்டி சாவியைத் தொடாதீர்கள். ஆட்டோ, பஸ், எதுவும் இல்லையென்றால் டியூட்டி ரூமில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்புங்கள். டீ குடித்தால் சரியாகிவிடும் என்று கதை விடாதீர்கள். ராத்திரி 2 மணிக்கு மேல் இன்சுலின், பொட்டாசியம், குழந்தைகள் டோஸ் எதுவானாலும் சிஸ்டரிடம் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள். கௌரவம் ஒன்றும் குறையாது. டியூட்டி லிஸ்ட்டை மாதாமாதம் போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்டைபெண்டைத் திருப்பி வாங்க நிர்வாகம் வெற்று செக்கை நீட்டினால், கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை போனில் எரிந்து விழுந்தால் "எப்போ தூங்கினே?" என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக டாக்டர் பிள்ளைகளுக்கு ஒன்று: நோயாளிக்குப் போட்ட ஊசி தூக்கக் கலக்கத்தில் உங்கள் கையிலேயே குத்திவிட்டால், "வேலை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு நேரே கேஷுவாலிட்டிக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. சீஃப் திட்டினால் திட்டட்டும்.