முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பொருத்துவதற்கு முன்பு

டெட்ராய்ட் நகருக்கு அருகில், பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். 1960களின் மஸ்டாங், கமாரோ போன்ற கார்களை வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, முன் சக்கரங்களின் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்தித் தர முடியுமா என்பதே. டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை ஷூ என்னும் வளைந்த கட்டைகள் அழுத்தும்; டிஸ்க் பிரேக்கில், சுழலும் தட்டைக் காலிபர் என்னும் கவ்வி இருபுறமும் பேட்களால் இறுக்கும். அந்த ஆசையில் முழு நியாயம் இருக்கிறது. 1964 ஏப்ரலில் மஸ்டாங் விற்பனைக்கு வந்தபோது நான்கு சக்கரங்களிலும் டிரம்தான் இருந்தது. பின்னர் 1965இல் முன் டிஸ்க் வந்தபோதும், 1966 செப்டம்பரில் கமாரோ வந்தபோதும், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும், உராய்வும் குறையும். இறக்கத்தில் இரண்டு மூன்று முறை அழுத்தி மிதித்தாலே பிடிப்பு தளர்வதை ஓட்டுநரின் கால் உணர்ந்துவிடும்.

ஆனால், முன் சக்கரத்தில் மட்டும் புதிய பாகத்தை மாட்டிவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிடும் வழக்கம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அரைகுறையாக மாற்றிய டிஸ்க்கை விட, ஒழுங்காகப் பராமரித்த பழைய டிரம் எவ்வளவோ பாதுகாப்பானது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் 1966 மஸ்டாங்கைக் கொண்டு வந்தார். கடையில் வாங்கிய டிஸ்க் பாகங்களை வீட்டிலேயே பொருத்தியிருந்தார்; வேலை பார்ப்பதற்குச் சுத்தமாகவே இருந்தது. ஆனால் பெடல் பஞ்சு போல அமுங்கியது. குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற எத்தனை முறை ஏர் எடுத்தும் சரியாகவில்லை என்றார். காரைத் தூக்கிப் பார்த்தவுடனேயே காரணம் தெரிந்தது: ஏர் எடுக்கும் திருகாணி இரண்டு காலிபரிலும் தரையைப் பார்த்தபடி இருந்தது. இடப்பக்கக் காலிபரை வலப்பக்கமும் வலப்பக்கத்தை இடப்பக்கமும் மாட்டியிருந்தார். காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும். திருகாணி கீழே இருந்தால் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் அந்தக் காற்று வெளியே வராது.

அதைச் சரிசெய்த பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். பெடலை ஒருமுறை மிதித்து விட்டபின் மீண்டும் சுழற்றினேன். இந்த முறை அது நகர மறுத்தது. டிஸ்க்கின் ஓரத்தில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல், டிரம்முக்கான பழையதையே அவர் வைத்திருந்தார். பெடலை விட்ட பிறகும் குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சிறிய வால்வு ஒன்று அதற்குள் இருக்கும். டிரம்மில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க வலுவான ஸ்பிரிங்குகள் உண்டு என்பதால் அந்த அழுத்தம் தொல்லை தராது. டிஸ்க்கில் அப்படிப்பட்ட ஸ்பிரிங் கிடையாது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்து, வண்டி ஓடும் தூரமெல்லாம் சூடேறும்.

அந்த மாஸ்டர் சிலிண்டரில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. 1966 வரை மஸ்டாங்கில் ஒரே அறை கொண்ட சிலிண்டர்தான். எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் ஒரே நேரத்தில் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொண்ட அமைப்பை அமெரிக்க அரசு 1968 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது. எனவே டிஸ்க் மாற்றும்போதே இரட்டை அறைச் சிலிண்டருக்கும் மாறிவிடுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு பெடலின் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் இல்லாத வண்டிக்கு, பெடல் தண்டு நன்றாக உள்ளே போகும் ஆழமான குழியுள்ள சிலிண்டரையே வாங்க வேண்டும். ஆழமில்லாத குழியிலிருந்து தண்டு நழுவி விழக்கூடும்.

டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்வதால், காலின் பலத்துக்கு வண்டியின் ஓட்டமும் துணை நிற்கிறது. டிஸ்க்கில் அந்தத் துணை இல்லை. முழு அழுத்தமும் ஆயிலிலிருந்தே வர வேண்டும். அதற்காகப் பலர் பூஸ்டர் பொருத்துகிறார்கள். பந்தயக் கேம்ஷாப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சின் ஐட்லிங்கில் போதிய வெற்றிடத்தைத் தராது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பூஸ்டர் நன்றாக வேலை செய்யப் பாதரச அளவில் 18 அங்குலம் அளவுக்கு வெற்றிடம் வேண்டும். 10, 12 அங்குலம் மட்டுமே தரும் எஞ்சினில், சிக்னலில் ஊர்ந்து செல்லும்போது பெடல் கல்லாக இறுகிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு மின்சார வெற்றிடப் பம்பு வைக்கலாம், அல்லது குறுகிய துளையுள்ள மாஸ்டர் சிலிண்டரோடு பூஸ்டர் இல்லாமலே ஓட்டலாம்.

பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். பிரேக் போட்டவுடன் எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகின்றன. முன் டிஸ்க்குக்குத் தேவையான அழுத்தம் அப்படியே பின்னுக்கும் போனால் அவை முதலில் சுழலாமல் இறுகி, ஈரச் சாலையில் வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். திருகி மாற்றக்கூடிய வால்வைப் பொருத்தி, ஆளில்லாத காய்ந்த தளத்தில் மெதுவான வேகத்தில் அழுத்தி மிதித்து, வெளியே நிற்பவர் ஒருவர் பார்த்துச் சொல்ல, முன் சக்கரம் சற்று முன்னதாக இறுகும் வரை திருக வேண்டும்.

டிஸ்க் வாங்குமுன் சக்கரத்தை அளந்துகொள்ளுங்கள்: 13 அங்குல டிஸ்க்குக்குப் பொதுவாக 17 அங்குலச் சக்கரம் வேண்டும். ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கக்கூடும், மாற்றிவிடுங்கள். எங்கள் ஊரில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு இரும்புக் குழாய்களை அரித்துவிடுவதால், அவற்றையும் நான் முழுதாகவே மாற்றுகிறேன். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசி பறக்க விடாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

அந்த மஸ்டாங்கின் உரிமையாளர் ஒரு வாரம் கழித்து வண்டியை எடுத்துச் செல்ல வந்தபோது, முதலில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பல முறை வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஓட்டத்திலேயே ஆறவிட்டு, பேட்டைப் பதப்படுத்தச் சொன்னேன். மறுநாள் வண்டியை மீண்டும் கொண்டு வந்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழாய் இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தோம். எதிலும் கசிவு இல்லை.