பலாயன்: தமிழில் என்ன சொல்வது?

உத்தராகண்ட் பற்றிய இந்திச் செய்தி எதை எடுத்தாலும் ஒரு சொல் தவறாமல் வரும்: பலாயன். தேர்தல் மேடையிலும் அதுதான், பட்ஜெட் விவாதத்திலும் அதுதான். மலையூர்களிலிருந்து ஆட்கள் வருடக்கணக்காகக் கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருப்பதை இந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். இதற்கென்று மாநில அரசின் ஆணையமே இருக்கிறது. தமிழில் எழுதும்போது ஒரு கட்டுரையில் புலம்பெயர்வு, அடுத்ததில் இடப்பெயர்வு, இன்னொன்றில் வெளியேற்றம் என்று கைக்கு வந்ததைப் போடுகிறோம். மூன்றும் ஒரே பொருள் தருபவை அல்ல என்பது ஒரு பக்கம். பலாயன் என்ற சொல்லே அங்கே நடப்பதற்குப் பொருந்துகிறதா என்பது இன்னொரு பக்கம்.

வேரைப் பார்த்துவிடலாம். வடமொழியில் இது பலாயனம். 'பரா' என்ற முன்னொட்டும் 'போதல்' என்று பொருள்படும் வினையும் சேர்ந்து, ரகரம் லகரமாகத் திரிந்து வந்த சொல். இந்தத் திரிபுக்கென்றே பாணினி ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். பொருள் வெறும் போதல் இல்லை; புறங்காட்டி ஓடுதல். கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் க்ஷத்திரியனுக்கு உரிய குணங்களை அடுக்கும்போது 'யுத்தே சாப்யபலாயனம்' என்று வருகிறது. போரில் ஓடாமை என்று அர்த்தம். மலையாளத்தில் பலாயனம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கும் அது தப்பி ஓடுவதுதான்.

ஆக, இந்தி நாளிதழ்கள் ஊரை விட்டுப் பிழைக்கப் போகிறவர்களுக்குப் போர்க்களத்தில் முதுகு காட்டி ஓடுகிறவனின் சொல்லைச் சூட்டியிருக்கின்றன. பிரவாசன் என்ற சாதுவான சொல் இந்தியில் இல்லாமல் இல்லை. ஆனாலும் பலாயன்தான் நிலைத்தது. இதில் உறுத்தலான விஷயம், இந்த மலைக்காரர்கள் வெளியே போக ஆரம்பித்ததே பெரும்பாலும் போர்க்களத்துக்குத்தான். லான்ஸ்டவுனைத் தலைமையிடமாகக் கொண்ட கட்வால் ரைஃபிள்ஸ் 1887 முதல் இருக்கிறது; குமாவுன் ரெஜிமென்டின் மையம் ராணிக்கேத்தில். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்பது அங்கே சாதாரணம்.

பட்டாளத்துக்குப் போனவர் ஊருக்குப் பணம் அனுப்புவார். அப்படி உருவானதுதான் 'மணியார்டர் பொருளாதாரம்'. உத்தராகண்டைப் பற்றிப் பேசும் எல்லாரும் இந்தத் தொடரைப் பயன்படுத்துகிறார்கள். இந்திய அஞ்சல் துறை பழைய மணியார்டர் சேவையை 2015 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. பணம் போனில் போகிறது, பெயர் மட்டும் இன்னும் போகவில்லை. அந்த ஏற்பாட்டில் ஆண் வெளியே இருந்தான். வீடும் வயலும் மாடும் பெண்ணின் பொறுப்பில் ஊரிலேயே இருந்தன. விடுமுறைக்கு வந்தான், ஓய்வு பெற்றதும் திரும்பினான்.

தமிழுக்கு இது புதிதே இல்லை. சங்க அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் போவதும் தலைவி வீட்டில் காத்திருப்பதும் ஒரு துறையாகவே இருக்கிறது: பொருள்வயிற் பிரிவு. மணியார்டர் காலத்து உத்தராகண்டை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது 'பிரிவு' என்ற சொல்லை. பிரிந்தவர் திரும்புவார் என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

இப்போது நடப்பது வேறு. 2017இல் அமைக்கப்பட்ட ஊரக வளர்ச்சி, பலாயன் ஆணையம் 2018இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. முந்தைய பத்து ஆண்டுகளில் 6,338 கிராமப் பஞ்சாயத்துகளிலிருந்து 3,83,726 பேர் 'அஸ்தாயி'யாக, அதாவது அவ்வப்போது வந்து போகிறவர்களாக, வெளியேறியிருந்தார்கள். 3,946 பஞ்சாயத்துகளிலிருந்து 1,18,981 பேர் 'ஸ்தாயி'யாக, நிரந்தரமாகவே போய்விட்டார்கள். காரணம் கேட்டால் சுமார் பாதிப் பேருக்கு வேலை. அது எதிர்பார்த்ததுதான். அடுத்து வருவதைத்தான் நிறுத்திப் படிக்க வேண்டும்: சுமார் 15 சதவீதம் படிப்புக்காக, சுமார் 8 சதவீதம் மருத்துவத்துக்காக. தனியாளாகப் போகிறவர் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைக் காரணமாகச் சொல்ல மாட்டார். போவது குடும்பம். பட்டாளத்துக்குப் போனவரின் பேரன் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டேராடூனுக்கோ ஹல்த்வானிக்கோ வாடகை வீடு பார்த்துப் போகிறான். ஊரில் மிஞ்சுவது அவன் தாய் தந்தை. அப்புறம் அவர்களும் இல்லை.

எங்கே போகிறார்கள் என்ற கணக்கும் அந்த அறிக்கையில் உண்டு. கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் மாநில எல்லையைத் தாண்டவே இல்லை. பக்கத்து டவுன், மாவட்டத் தலைநகர், சமவெளி மாவட்டம், அவ்வளவுதான். நாட்டுக்கு வெளியே போனவர்கள் ஏறக்குறைய ஒரு சதவீதம். இந்தக் கணக்கு நம் மொழிபெயர்ப்புக்கும் முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாநிலத்தின் வரவுசெலவை மட்டும் பார்த்தால் இப்படி ஓர் ஊர் காலியாவது தெரியவே தெரியாது. உத்தராகண்டின் தனிநபர் வருமானம் தேசிய சராசரியைவிட அதிகம். 2003இல் மத்திய அரசு அறிவித்த வரிச்சலுகையை ஒட்டி ஹரித்வாரிலும் பந்த்நகரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. மோட்டார் வண்டியிலிருந்து மருந்து மாத்திரை வரை அங்கே தயாராகின்றன. எல்லாம் அடிவாரத்துச் சமவெளியில். 2001க்கும் 2011க்கும் இடையே ஹரித்வார், டேராடூன், உதம்சிங் நகர் மூன்று மாவட்டங்களின் மக்கள்தொகையும் 30 சதவீதத்துக்கு மேல் பெருகியது. அதே பத்தாண்டில் மலை மாவட்டங்களான பௌரி கட்வாலிலும் அல்மோராவிலும் மக்கள்தொகை குறைந்தது. இந்தியாவில் ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகை குறைவது அபூர்வம். சராசரி என்பது இரண்டையும் கலந்து தருவது. மலையும் சமவெளியும் ஒரே மாநிலமாக இருப்பதால் வரும் கண்கட்டு. அரசியலிலும் இதன் எடை தெரிந்துவிட்டது. தொகுதி மறுவரையறைக்கு முன் 70 சட்டமன்றத் தொகுதிகளில் மலைக்கு 40, சமவெளிக்கு 30. மறுவரையறைக்குப் பின் 34க்கு 36. மலைக்காகவே 2000இல் பிரிக்கப்பட்ட மாநிலத்தில் மலைக்காரர்களின் குரல் சிறுபான்மையானது.

மலையில் விவசாயம் ஏன் கைகொடுக்கவில்லை? அங்கே நிலத்தை அளக்கும் அலகே பாதி பதிலைச் சொல்லும். ஏக்கர் கணக்கில் பேசமாட்டார்கள்; 'நாளி' என்பார்கள். ஒரு நாளி 200 சதுர மீட்டர், 50 நாளி சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். அடிப்படையில் இது தானியம் அளக்கும் பாத்திரம். அந்த அளவு விதை எவ்வளவு இடத்தில் விதைக்க முடியுமோ அவ்வளவு நிலம் ஒரு நாளி. நம் நாழி, உழக்கு வரிசையில் வரும் அதே நாழிதான், இமயமலையில் போய் நிலத்தை அளந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான குடும்பங்களிடம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. அதுவும் ஒரே இடத்தில் இருக்காது: இந்தச் சரிவில் மூன்று படிக்கட்டு வயல், ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு, மேலே காட்டோரம் ஒன்று. ஆவணத்தில் இன்னும் தாத்தா பெயர் இருக்கும். பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே கணக்கில் கூட்டாக நிற்பார்கள். இதற்கு அங்கே 'கோல் காதா' என்று பெயர். ஒருவர் டெல்லியில், ஒருவர் மும்பையில் என்றால் நிலத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது, அதை வைத்துக் கடன் வாங்குவதும் சிரமம். பாசன வசதி பள்ளத்தாக்கோடு சரி. விளைவது மண்டுவா, ஜங்கோரா, அதாவது நம் கேழ்வரகும் குதிரைவாலியும். முளைத்து வந்ததைக் காட்டுப்பன்றி கிண்டும், மிச்சத்தைக் குரங்கு பார்த்துக்கொள்ளும். பக்கத்து வயல்காரர்கள் போய்விட்டால் அந்த வயல் புதர் மண்டும், பன்றிக்கு மறைவிடம் கிடைக்கும், மிச்சமிருக்கும் வயலுக்குச் சேதம் கூடும். ஒருவர் போனது அடுத்தவர் போவதற்குக் காரணமாகிறது. பள்ளிக்கூடமும் அப்படித்தான்: பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடுவார்கள், மூடினால் மிச்சப் பிள்ளைகளும் போகும்.

அங்கே ஒரு சொலவடை உண்டு: 'பஹாட் கா பானீ அவுர் பஹாட் கீ ஜவானீ பஹாட் கே காம் நஹீ ஆத்தீ.' மலையின் தண்ணீரும் மலையின் இளமையும் மலைக்கு உதவுவதில்லை. டெஹ்ரி அணையின் தண்ணீர் டெல்லியின் குடிநீர்க் குழாய்வரை போவதை நினைத்தால் முதல் பாதியும் மிகையில்லை.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். முதலில் இடப்பெயர்வு. அதே டெஹ்ரி அணைக்காகப் பழைய டெஹ்ரி நகரமே மூழ்கியது. மக்கள் புது டெஹ்ரிக்கும் வேறு இடங்களுக்கும் மாற்றப்பட்டார்கள். அதுதான் இடப்பெயர்வு. வெள்ளமோ அணையோ அரசோ தள்ள, வேறு வழியில்லாமல் நகர்வது. பலாயனுக்கு இதைப் போட்டால் இரண்டு வேறு துயரங்கள் ஒன்றாகிவிடும்.

புலம்பெயர்வு அழகான, பழமையான சொல். பட்டினப்பாலை 'மொழி பல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள்' என்று காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து கலந்து வாழ்ந்த வேற்றுநாட்டவரைச் சொல்கிறது. புலம் என்றால் நிலம், தேயம்; மொழியும் மாறும் அளவுக்குத் தூரம். ஈழத்தமிழர்களின் வாழ்க்கையால் இன்று அதற்கு இன்னும் ஆழமான பொருள் ஏறியிருக்கிறது. 70 சதவீதம் பேர் சொந்த மாநிலத்துக்குள்ளேயே, பேச்சும் மாறாமல் நகரும்போது புலம் எங்கே பெயர்ந்தது? 'புலம்பெயர் தொழிலாளர்' என்ற தொடரை இனி யாரும் மாற்றப்போவதில்லை, அது இருக்கட்டும். பௌரியிலிருந்து டேராடூனுக்குப் போன குடும்பத்துக்கு அது பெரிய சட்டை.

வலசை என்றதும் நமக்குப் பறவையும் யானையும்தான் நினைவுக்கு வரும். பழைய அகராதிப் பொருளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: பகைவர் படைக்கு அஞ்சி மக்கள் ஊரைவிட்டு ஓடுதல். பலாயனுக்கு அச்சு அசலான இணை. தெலுங்கில் 'வலச' இன்றும் பிழைப்புக்காக ஊர்விட்டுப் போகும் கூலிக்காரர்களைக் குறிக்கிறது. ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசை மாதிரி ஊர்ப்பெயர்களில் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேர்ப்பொருளுக்கு நேரான மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் வலசைதான் பரிசு வாங்கும். ஆனால் இன்றைய வாசகர் மனதில் வலசை போனது பருவம் மாறியதும் திரும்பிவிடும். உத்தராகண்டின் சிக்கலே திரும்பாததுதான்.

என் தேர்வு குடிபெயர்வு. குடி என்றால் வீடு, குடும்பம், ஊரில் வாழும் மக்கள். குடியானவன் என்றால் உழுகிறவன். ஒரு மலையூரிலிருந்து என்னவெல்லாம் போகிறதோ அத்தனையும் அந்த இரண்டெழுத்துக்குள் இருக்கிறது. போகிறவர் மீது பழி இல்லை, போன தூரம் பற்றிய பேச்சு இல்லை, திரும்புவார் என்ற வாக்குறுதியும் இல்லை. வரிச்சுமை தாங்காமல் குடிகள் ஊரைவிட்டுப் போனதையும் நிலம் பாழ்கிடந்ததையும் விஜயநகரக் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த வழக்குக்கும் இது அந்நியமில்லை.

கூடவே வரும் இன்னொரு தொடரையும் கழற்றிவிட வேண்டும்: 'பேய்க் கிராமம்'. 2011 கணக்கெடுப்பில் உத்தராகண்டில் ஆள் குடியில்லாத ஊர்கள் ஆயிரத்துக்கு மேல். அதற்குப் பிறகு இன்னும் 734 ஊர்கள் காலியானதாக ஆணையத்தின் முதல் அறிக்கை சொன்னது. இவற்றை இந்தி ஊடகம் 'பூதியா காவ்(ன்)' என்று எழுத, நாமும் பேயைக் கூட்டி வந்துவிட்டோம். கேமராவோடு போகிறவர்களுக்கு அது பிடித்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடிக்குமா தெரியாது. வட இந்திய வருவாய்த் துறையின் பழைய சொல் இன்னும் நயமானது: பேசிராக். பாரசீகத்தில் சிராக் என்றால் விளக்கு, 'பே' என்றால் இல்லாத. விளக்கு எரியாத ஊர். விளக்கேற்ற ஆளில்லாத வீடு என்று நாமும்தான் சொல்கிறோம். குறுந்தொகையில் ஒருத்தி, காதலன் பிரிந்த நாளில் தன் நிலையை 'மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில் போல' என்கிறாள்; ஆட்கள் போய்விட்ட, வாசலில் அணில் விளையாடும் வீடு. செய்திக்கு இவ்வளவு வேண்டாம், பாழூர் போதும்.

ஆணையத்தின் பெயரையும் பார்த்து எழுத வேண்டும். பின்னாளில் அதில் 'நிவாரண்' சேர்ந்து 'பலாயன் நிவாரண் ஆயோக்' ஆனது. தமிழ்க் கண்ணுக்கு அது வெள்ள நிவாரணம் போல உதவித்தொகை கொடுக்கும் அமைப்பாகத் தெரியும். இந்தியில் நிவாரண் என்றால் தடுத்தல், களைதல். ஆகவே குடிபெயர்வுத் தடுப்பு ஆணையம். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலைக்குத் திரும்பியதை 'ரிவர்ஸ் பலாயன்' என்று கொண்டாடினார்கள். அவர்களில் நிறையப் பேர் சில மாதங்களிலேயே மறுபடி கிளம்பிவிட்டார்கள். அதற்கு மீள்குடியேற்றம் என்று எழுதுவது அதிகப்படி. ஊர் திரும்பினார்கள் என்றால் போதும்.

2018 முதல் 2022 வரையிலான காலத்துக்கு ஆணையம் கொடுத்த அடுத்த கணக்கில் அஸ்தாயி 3,07,310 பேர், ஸ்தாயி 28,531 பேர். இந்தியில் இரண்டும் பலாயன். தமிழில் முதல் எண்ணுக்குப் 'பிழைப்புக்கு வெளியூர் போனவர்கள்' என்றும் இரண்டாவதற்குக் 'குடிபெயர்ந்தவர்கள்' என்றும் எழுதலாம். கூட்டி 3,35,841 பேர் ஓடிவிட்டார்கள் என்று தலைப்பு வைக்க முடியாமல் போகும், அவ்வளவுதான் நட்டம்.