வடிவ உடனுறைவு

'சிதைந்த அணுக்கரு' என்ற தொடரை எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புக்கென வந்திருக்கும் அறிவியல் சொற்பட்டியலிலும் அது ஏறிவிட்டது. துணைக்கு 'வடிவ இணைவு' வேறு.

'வடிவ இணைவு' சொல்லவந்த பொருள் இது: புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை மாறாத ஒரே அணுக்கரு, சற்றே வேறுபட்ட ஆற்றல் நிலைகளில் கோளமாகவும் கோளம் அல்லாத வடிவிலும் அமைவது. ஈயம்-186 இதற்குப் பேர்போனது. அதன் மிகத் தாழ்ந்த மூன்று நிலைகளில் ஒன்று கோளம், ஒன்று தட்டை, ஒன்று நீளம் என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டிலேயே, கேப் டவுன் அருகிலுள்ள இதெம்பா ஆய்வகத்தில், காமா கதிர்களை அளந்து அணுக்கருக்களின் வடிவை ஆராய்கிறார்கள்.

ஆங்கிலத்தில் 'ஷேப் கோஎக்சிஸ்டன்ஸ்'. லத்தீன் வேருக்கு 'வெளிப்பட்டு நிற்றல்' என்று பொருள், முன்னொட்டு 'உடன்'. அவ்வளவே.

இனி 'சிதைவு'. கோளம் அல்லாத வடிவுள்ள கருவைத்தான் பட்டியல் 'சிதைந்த அணுக்கரு' என்கிறது. யுரேனியம்-238 ஓர் ஆல்ஃபா துகளை உமிழ்ந்து தோரியமாவதைக் கதிரியக்கச் சிதைவு என்றே பாடநூல்கள் சொல்கின்றன. அங்கே தனிமமே மாறிப்போகிறது. வடிவம் மாறிய ஈயக் கருவிலோ ஒரு துகளும் குறையவில்லை. அதையும் 'சிதைந்தது' என்றால் படிக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? நன்னூல் இந்த வேறுபாட்டை எப்போதோ வகுத்துவிட்டது. 'மரம்', 'வேர்' சேர்ந்து 'மரவேர்' ஆகையில் மகரம் கெடுகிறது; 'பல்', 'பொடி' சேர்ந்து 'பற்பொடி' ஆகையில் லகரம் திரிகிறது. கெடுதல், அதாவது மறைதல் வேறு; திரிதல், அதாவது மாறுதல் வேறு. ஆகவே 'உருத்திரிந்த அணுக்கரு' என்பதே சரி.

'இணைவு' இன்னும் மோசம். அணுக்கரு இணைவு என்றால் இரண்டு கருக்கள் ஒன்றாவது. சூரியன் எரிவது அதனால்தான். இங்கே எதுவும் எதனோடும் இணையவில்லை. 'சகவாழ்வு' என்கிறார் இன்னொருவர். அது நாடுகளுக்கும் மக்களுக்கும் உரிய சொல், வடிவங்கள் வாழ்வதில்லை.

கோயில் அழைப்பிதழ்களில் 'வள்ளி தெய்வயானை உடனுறை முருகன்' என்று படிக்கிறோமே, அந்த 'உடனுறை' கையருகிலேயே இருக்கிறது. ஆகவே 'வடிவ உடனுறைவு' என்போம். 'உறைவு' என்றால் பனிக்கட்டி நினைவுக்கு வரும் என்பது மறுப்பு. 'உடன்' முன்னே நிற்கும்போது யாருக்கும் பனி தோன்றாது.

அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் அதே சொல் வேறு வேலை செய்வதைப் பார்ப்பதில்லை. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் தமிழ் படிக்கும் பிள்ளைகளிடம் இப்படி ஒரு பட்டியலை நீட்டினால், அவர்கள் ஆங்கிலச் சொல்லுக்கே திரும்பிவிடுவார்கள். அவர்களை எப்படிக் குறைசொல்வது?