ஏற்றுமதிக் கட்டுப்பாடு

சீனாவுக்கு அரைக்கடத்தி, அதாவது கணினிச் சில்லு, செய்யும் கருவிகளை அனுப்புவது பற்றிய செய்திகளில் ‘ஏற்றுமதித் தடை’ என்றே திரும்பத் திரும்பப் படிக்க நேர்கிறது. அமெரிக்கா, ஜப்பான், நெதர்லாந்து மூன்றின் விதிகளையும் சேர்த்துச் சொல்ல, இப்போது அதன் முன்னால் ‘கூட்டு’ என்ற அடையும் சேர்ந்துவிட்டது. இரண்டும் பிழை.

தடு என்பதிலிருந்து தடை. கட்டுப்படு என்பதிலிருந்து கட்டுப்பாடு. சொற்பிறப்பு இவ்வளவே. பொருளில்தான் சிக்கல்.

தடை உள்ள பொருள் போகாது. கட்டுப்பாடு உள்ள பொருள் உரிமத்தோடு போகும். கேரள-தமிழ்நாட்டு எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து லாரி ஓட்டுநர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழ்நாட்டு ரேஷன் அரிசியைத் தனியார் எவரும் எந்தச் சீட்டைக் காட்டியும் கேரளத்துக்குள் கொண்டுவர இயலாது. ஜல்லியோ நடைச்சீட்டு இருந்தால் வரும், சீட்டில் குறித்த அளவுக்கு மேல் ஏற்றியிருந்தால் வண்டி அங்கேயே நிற்கும். முன்னது நிரோதனம், பின்னது நியந்த்ரணம் என்று மலையாளத்திலும் இரண்டு சொற்கள் உண்டு. தலைப்பில் ‘தடை’ என்று போட்டுவிட்டு, மூன்றாம் பத்தியில் ‘உரிமம் வழங்கப்பட்டது’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், தடை செய்த பொருளுக்கு உரிமம் எப்படி வந்தது என்று ஒரு கணம் நின்று யோசிப்பதில்லை.

‘கூட்டு’ என்பது இன்னும் மோசம். அமெரிக்கா தன் விதிகளை 2022 அக்டோபர் 7 அன்று வெளியிட்டது. ஜப்பான் 2023 ஜூலை 23 முதல் 23 வகைக் கருவிகளுக்கு உரிமம் கேட்டது. அவ்விதியில் சீனாவின் பெயரே இல்லை. நெதர்லாந்து அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல், அந்நாட்டு ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்யும், ஒளியால் சில்லில் சுற்றுகளைப் பதிக்கும் சில ஆழ் புறஊதாக் கருவிகளை உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. மூன்று அரசுகளும் தங்களுக்குள் பேசி இசைந்தன, ஆனால் அவரவர் சட்டத்தை அவரவரே இயற்றின. பாரிசிலிருந்து இயங்கி 1994-இல் கலைக்கப்பட்ட கோகாம் என்ற மேற்கு அணி நாடுகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுவை வேண்டுமானால் கூட்டு எனலாம்: சோவியத் முகாமுக்கு அதன் பட்டியலில் உள்ள ஒரு பொருளை விலக்களித்து விற்பதை ஓர் உறுப்பு நாடே மறித்துவிட முடிந்தது. அதன் பின் 1996-இல் வந்ததும், 2017-இல் இந்தியா சேர்ந்ததுமான, ஆயுதங்களுக்கும் ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களுக்குமான ஏற்றுமதி பற்றிய வாசனார் உடன்பாட்டில் அந்த மறுப்புரிமை கிடையாது. ஆகவே இன்றைய நடைமுறைக்கு ‘ஒத்திசைந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு’ என்பதே பொருந்தும். நீளம்தான், தலைப்பில் இடம் போதாவிட்டால் ‘ஒத்திசைந்த’ என்பதை விட்டுவிடலாம், ‘கட்டுப்பாடு’ என்பதை விடக்கூடாது.

சீனாவின் பதிலடியைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் சில்லு செய்யப் பயன்படும் தனிமங்களான காலியம், ஜெர்மானியம் ஆகியவற்றுக்கு அது உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2024 டிசம்பரில் அவற்றை அமெரிக்காவுக்கு அனுப்புவதையே நிறுத்தியது. முதலாவதையே தடை என்று எழுதிவிட்டவர், இரண்டாவது வரும்போது ‘முழுத் தடை’ என்று ஒட்டுப்போட வேண்டியதாகிறது.